மாடல் வீட்டுக் கூரை சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

கட்டட மாடலை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். மேசையில் இருக்கும் சிங்கப்பூர்க் கடைவீட்டின் (கீழே கடை, மேலே வீடு) அஞ்சடித் தூண்களையும், அதாவது முன்பக்க மூடிய நடைபாதையின் தூண்களையும், சன்னல் கதவுகளையும் பார்க்கக் குனிய வேண்டும். கூரை மட்டும் தானாகவே கண்ணில் படும். ஆனால் பிளாஸ்டிக் கிட் தயாரிப்பவர்கள் முகப்புக்குக் காட்டும் அக்கறையைக் கூரைக்குக் காட்டுவதில்லை. பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு தட்டை, மேலே ஓடு மாதிரி சில வரிகள், அவ்வளவுதான்.

கூரை சரியில்லை என்றதும் பலரும் முதலில் பெயிண்ட்டை மாற்றுகிறார்கள். நான் பார்த்தவரையில் கூரை கெடுவது விளிம்புகளில். முகடு, இறவாரம் (கூரையின் கீழ்விளிம்பு), பக்கச் சுவர் சேரும் இடம் ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால் சுமாரான பெயிண்ட்டே போதும். அதனால் கீழே உள்ள அறிகுறிகளில் இரண்டு மூன்று உங்கள் மாடலுக்குப் பொருந்தினால், விளிம்பு சம்பந்தப்பட்டதை முதலில் முடியுங்கள். பெயிண்ட் வேலை அப்புறம்.

அறிகுறி: முகட்டில் இடைவெளி தெரிகிறது

ஒட்டுவதற்கு முன்பே இரண்டு தட்டையையும் மாஸ்கிங் டேப்பால் சுவர்மேல் பொருத்தி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளியின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரு முனையில் குறுகி மறுமுனையில் விரிகிறதா? கூரையில் தவறில்லை, கீழே சுவர்கள் செங்கோணமாக நிற்கவில்லை. முக்கோணச் சுவர்களில் ஒன்று வெளியே சாய்ந்திருக்கும். சுவர் மூலைகளில் சிறு சதுரத் துண்டுகளை உள்பக்கமாக ஒட்டி நிமிர்த்தாமல் கூரையைத் தொட வேண்டாம்.

நடுவில் மட்டும் விரிகிறதா? தட்டை வளைந்திருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

முழு நீளத்துக்கும் ஒரே அளவாக, மேல்பக்கம் திறந்த வி வடிவப் பள்ளமாக இருக்கிறதா? இதுதான் அடிக்கடி வருவது. தட்டையின் மேல்விளிம்பு நேராக வெட்டப்பட்டிருக்கும். சாய்த்து வைத்ததும் இரண்டு தட்டையின் உள்மூலைகள் முதலில் முட்டிக்கொள்ளும், வெளிமூலைகள் விலகி நிற்கும். கூரையின் சாய்வு 30 பாகை என்றால் ஒவ்வொரு தட்டையின் முகட்டு விளிம்பிலும் உள்பக்கத்தை அதே 30 பாகை சீவ வேண்டும். உப்புத்தாளைத் தட்டையான மேசையில் ஒட்டி, மேசை ஓரத்தில் ஒரு மரத்துண்டைத் தாங்கலாக வைத்துத் தேய்த்தால் கோணம் மாறாமல் வரும். வெளிவிளிம்பைத் தேய்த்துவிடக் கூடாது. அது குறைந்தால் கூரையின் அகலமே குறைந்து இறவாரம் மேலே ஏறிவிடும்.

சீவப் பொறுமை இல்லையா, சரி, மூடிவிடலாம். உண்மையான ஓட்டுக் கூரையிலும் முகடு வெறும் கோடாக இருப்பதில்லை. முகட்டு ஓடு இருக்கும். பழைய சிங்கப்பூர்க் கடைவீடுகளில் தடித்த சாந்துப் பட்டையே ஓடும். அரைவட்ட ஸ்டைரின் (மாடல் பிளாஸ்டிக்) கம்பியை அந்தப் பள்ளத்தின்மேல் ஒட்டினால் குறையும் மறையும், பார்க்கவும் நிஜமாக இருக்கும். 1:87 அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) சுமார் 3 மி.மீ. அகலம், 1:160 அளவில் ஒன்றரை முதல் 2 மி.மீ. போதும். சாந்துப் பட்டை என்றால் சதுரக் கம்பியின் மேல்மூலைகளைக் கொஞ்சம் மழுக்கி, மேலே அக்ரிலிக் புட்டியை விரலால் ஒரு முறை இழுத்துவிடுங்கள். கை பட்டதுபோல் சற்றே ஒழுங்கில்லாமல் இருப்பதுதான் இங்கே அழகு.

புட்டி பற்றி ஒரு வார்த்தை. கரைப்பான் கலந்த டியூப் புட்டியைத் தடிமனாகப் பூசினால் காயக் காயச் சுருங்கி, பெயிண்ட் அடித்த பிறகு ஒரு கோடு மெல்ல எட்டிப் பார்க்கும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசுவது நல்லது. சூப்பர் குளூவோடு டால்கம் பவுடரைக் குழைத்துப் பூசினால் சுருங்காது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, உப்புத்தாள் சுற்றியிருக்கும் ஓடுகளைத்தான் தின்னும். ஓடுகளுக்கு நடுவே தேய்க்கவே முடியாத இடத்தில் நீரில் கரையும் அக்ரிலிக் புட்டியைப் பூசி, ஈரப் பஞ்சுக் குச்சியால் மிச்சத்தைத் துடைத்துவிடலாம்.

அறிகுறி: தட்டை வளைந்திருக்கிறது

பெட்டியில் வரும்போதே வளைந்திருந்தால் வெந்நீர் போதும். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரின் சுமார் 100 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும், அதனால் கொதிநீர் ஆபத்து. 60 முதல் 70 பாகை நீரில் ஒரு நிமிடம் வைத்து, தட்டையான கண்ணாடிமேல் வளைவுக்கு எதிர்ப்பக்கம் சற்று மிகையாக அழுத்திப் பிடித்து, அப்படியே குழாய் நீரில் காட்டுங்கள். ஒரே முறையில் நேராகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டை விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இந்த அறிகுறி உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

கட்டி முடித்து நாள்கள் கழித்து வளைந்தால் கதை வேறு. தடிமன் கூட்ட உள்பக்கம் இன்னொரு ஸ்டைரின் தாளை முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டியிருப்பீர்கள். இரண்டு தாளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்கை மெல்ல இளக்கி இழுக்கிறது. உள்தாளில் ஆங்காங்கே துளை போட்டு ஒட்டுவதே தடுப்பு. வளைந்த பிறகு செய்யக்கூடியது, முழுதாகக் காய விட்டுவிட்டு, உள்ளே முக்கோணத் தாங்கிகளை வரிசையாக நிறுத்தி நேராக்குவதுதான். ஒன்றரை மி.மீ. தாளில் வெட்டிய முக்கோணங்கள் நீளமான எந்தக் கூரைக்கும் நல்லது. கோணமும் நிற்கும், வளைவும் வராது.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் கூரை பலகை மாதிரி இருக்கிறது

இறவாரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். கிட்டின் கூரைத் தட்டை சாதாரணமாக 1.5 முதல் 2 மி.மீ. தடிமன். 1:87 அளவில் 2 மி.மீ. என்பது நிஜத்தில் 17 சென்டிமீட்டர்! 1:160 அளவில் ஒன்றரை மி.மீ. தட்டை 24 சென்டிமீட்டர். ஓட்டின் விளிம்போ 2 சென்டிமீட்டர்கூட இருக்காது. என்ன பெயிண்ட் அடித்தாலும் பொம்மையாகவே தெரிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. கிட்டுக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

தட்டையைக் கவிழ்த்து, இறவார விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து விளிம்பை நோக்கிக் கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டிச் சுரண்டிச் சாய்வாக்குங்கள். சுரண்டும்போது பிளாஸ்டிக் சுருள் சுருளாக வர வேண்டும். பொடியாக வந்தால் கத்தியை மாற்றுங்கள். பிறகு 240 எண் உப்புத்தாள், கடைசியில் 400. விளிம்பு 0.4 மி.மீ. அளவுக்கு வந்தால் போதும். அதற்கும் கீழே போனால் கைபட்டு உடையும்.

அதோடு நிறுத்தாமல், வட்டமான ஊசி அரத்தால் ஒவ்வொரு ஓட்டு வரிசையின் பள்ளத்திலும் விளிம்பை லேசாகத் தொட்டு எடுங்கள். நேர்கோடாக இருந்த விளிம்பு அலை அலையாக மாறும். எல்லாப் பள்ளத்தையும் ஒரே ஆழத்தில் எடுக்க முயல வேண்டாம். இந்த ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு அதே கூரையா என்று கேட்பீர்கள்.

கடைவீட்டின் பக்கங்களுக்கு இந்தச் சீவல் தேவையில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர், தீ பரவாமல் தடுக்க, கூரைக்கு மேலே எழும்பி நிற்கும். ஐரோப்பியக் கிட்டில் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதை வெட்டிவிட்டு, 2 மி.மீ. தாளில் சுவரை உயர்த்திவிடுங்கள். வெட்டிய விளிம்பு சுவருக்குள் மறைந்துவிடும். ஓடும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய சாந்துக் கோடு கட்டாயம் வேண்டும். மழைநீர் புகாமல் அங்கே பூசித்தான் வைப்பார்கள்.

அறிகுறி: ஓடு பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறது

ஒரு ஓட்டை அளக்காதீர்கள், பத்து வரிசையைச் சேர்த்து அளங்கள். நம்மூரில் சீமை ஓடு, மங்களூர் ஓடு என்று சொல்வதும் இங்கே சிங்கப்பூரில் மார்சேய் ஓடு எனப்படுவதும் ஒரே குடும்பம். பிரான்சில் பிறந்த வடிவம்; மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஆலை வைத்த பிறகு தென்னிந்தியாவில் பரவியது. இந்த ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். ஒன்றன்மேல் ஒன்று படிந்தது போக வெளியே தெரியும் பகுதி ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். எனவே பத்து வரிசை 1:87இல் சுமார் 38 மி.மீ., 1:160இல் சுமார் 21 மி.மீ. வர வேண்டும்.

இதிலிருந்து கொஞ்சம் விலகினால் யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குமேல் விலகினால் தட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓட்டு வடிவம் அச்சிட்ட ஸ்டைரின் தாளில் புதிதாக வெட்டுவதே நேர மிச்சம். பழைய தட்டையை அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஜெர்மானியக் கிட்டுகளில் நுனி வளைந்த தட்டை ஓடுகள் மீன் செதில்போல் அடுக்கியிருக்கும். அளவு சரியாக இருந்தாலும் அந்த வகை ஓடு இந்த ஊர்க் கடைவீட்டில் ஒட்டாது. பழைய கடைவீட்டுக் கூரையில் முகட்டிலிருந்து இறவாரம்வரை மேடும் பள்ளமுமாக நெருக்கமான வரிகள் இறங்கும், குறுக்கு வரிகள் அவ்வளவாகக் கண்ணில் படாது. தாள் வாங்கும்போது இதை நினைவில் வைத்தால் பணம் வீணாகாது.

அறிகுறி: ஓடுகளுக்கிடையே பசை ஓடிப் பளபளக்கிறது

மெல்லிய பசை பள்ளங்கள் வழியே தானாக ஓடும். ஓட்டுப் பக்கம் தூரிகையை வைக்கவே கூடாது, உள்பக்கமிருந்து மட்டும். ஏற்கெனவே ஓடியிருந்தால் துடைக்காமல், தொடாமல், ஒரு நாள் விடுங்கள். ஈரத்தில் துடைத்தால் ஓட்டு வரிகளும் சேர்ந்து அழியும். காய்ந்த பிறகு கத்தி நுனியால் பள்ளத்தைத் திரும்பக் கீறிக்கொள்ளலாம். பளபளப்பு பிரைமரில் மறைந்துவிடும்.

அறிகுறி: வார்னிஷ் அடித்ததும் வெள்ளைப் படலம்

சிங்கப்பூரில் மாடல் கட்டுபவர் யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஆக, வேலைக்குப் போகும் முன் காலையில் ஒரு கோட் அடித்துவிட்டுப் போகலாம் என்பது மோசமான யோசனை. மழை நின்ற உடனேயும் வேண்டாம். மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் அடிப்பதே நல்லது.

ஏர்கான் அறைக்காரர்களுக்கு வேறொரு சிக்கல். 22 பாகையில் குளிர்ந்து கிடந்த கூரையை எடுத்துக்கொண்டு நேராக வெளிச் சன்னலுக்குப் போனால், ஸ்பிரே அடிக்கும் முன்பே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்துவிடும். இந்த ஊரின் பனிநிலை வெப்பம் சுமார் 24 பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எதுவும் வேர்க்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அடியுங்கள். அடித்து முடித்து, மேற்பரப்பு தொடும் அளவுக்குக் காய்ந்த பிறகு ஏர்கான் அறைக்குள் கொண்டுபோய் வைக்கலாம். அங்கே காற்று வறண்டிருப்பதால் நன்றாகவே காயும்.

படலம் வந்துவிட்டது, இப்போது என்ன? முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். கூரை முழுக்க மேகம்போல் சீராகப் பரவியிருந்தால் ஈரம். மெதுவாகக் காயும் லாக்கர் தின்னரை ஏர்பிரஷில் மெல்லிய பனியாக ஒரு முறை தூவினால் படலம் இளகி ஈரம் வெளியேறும், நிறம் திரும்பும். ஏர்பிரஷ் இல்லையென்றால், வறண்ட பிற்பகலாகப் பார்த்துப் பளபளப்பு வார்னிஷை மெல்ல அடியுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். ஓடுகளின் பள்ளத்தில் மட்டும் வெண்பொடி தங்கியிருந்தால் அது ஈரம் இல்லை. மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் டப்பாவை நன்றாகக் குலுக்காததாலோ ஒரேயடியாகத் தடிமனாக அடித்ததாலோ மேட் பொடி அங்கே சேர்ந்திருக்கிறது. இதற்கும் பளபளப்பு வார்னிஷ், அது காய்ந்ததும் மிக மெல்லிய மேட். பரப்பு சொரசொரப்பாக மணல் தூவியதுபோல் இருந்தால் தூரத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள், துளிகள் காற்றிலேயே காய்ந்துவிட்டன. 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் போதும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு: நடைவழியில் அடிக்க வேண்டாம். வாடைக்காக அண்டை வீட்டார் முகம் சுளிப்பது ஒரு பக்கம், கம்பத்தில் காயும் துணியில் பட்டால் கதை முடிந்தது. சன்னலை ஒட்டி வடிகட்டியும் விசிறியும் உள்ள ஸ்பிரே பெட்டி வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.

அறிகுறி: பெயிண்ட் அடித்தும் உயிர் இல்லை

கூரை முழுக்க ஒரே ஆரஞ்சு நிறம், பள்ளங்களில் ஒரே கறுப்பு, மேடுகளில் ஒரே வெளிர் நிறம். சரியாகத்தான் செய்திருப்பீர்கள், ஆனால் எல்லா ஓட்டுக்கும் ஒரே வயது. அதுதான் குறை.

செலவில்லாத ஒரு பாடம்: தேக்கா சந்தைக்கு மேலே இருக்கும் வீவக புளோக்குகளின் மாடியிலிருந்து எருமைச் சாலை, கெர்பாவ் சாலை பக்கம் கீழே பாருங்கள். டக்ஸ்டனில் 50ஆவது மாடிப் பாலத்துக்கு டிக்கெட் எடுத்தால் தஞ்சோங் பகார் கடைவீடுகளும் கிடைக்கும். புதுப்பித்த வீட்டின் கூரை சீரான செம்மண் நிறத்தில் இருக்கும். பக்கத்து வீடு கருத்துப் போயிருக்கும், நடுவில் உடைந்த இடத்தை அடைத்த நாலைந்து புது ஓடுகள் மட்டும் பளிச்சென்று இருக்கும். மூன்று கடைவீடுகளை வரிசையாக வைத்தால் மூன்றுக்கும் வேறு வேறு வயது கொடுங்கள்.

அடிப்படைக்கு ஆரஞ்சு வேண்டாம், செம்பழுப்புப் பிரைமர். மேலே ஆரஞ்சு கலந்த பழுப்பைத் திட்டுத் திட்டாக. காய்ந்ததும் மெல்லிய தூரிகையால் தனி ஓடுகளை வேறு இரண்டு மூன்று நிறத்தில் தொடுங்கள்: ஒன்று சாம்பல் கலந்தது, ஒன்று ரோஜா கலந்தது, ஒன்று புதுச் செம்மண். பத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினால் சதுரங்கப் பலகை ஆகிவிடும். பள்ளத்துக்குக் கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) வேண்டாம், அடர் பழுப்பு.

அழுக்கு ஏற்றும் காணொளிகளில் பெரும்பாலும் வறண்ட நாட்டுக் கூரைதான்: வெளிறிய நிறம், தூசி. இங்கே வெயிலோடு ஈரமும் இருப்பதால் கூரை வெளிறுவதைவிடக் கருப்பதே அதிகம். பாசி முதலில் பிடிப்பது நீர் தங்கும் இடத்தில். இரண்டு சாய்வுகள் கூடும் கூடல்வாய், இறவாரத்துக்கு மேல் இரண்டு மூன்று வரிசை, உயர்ந்த சுவரின் நிழல் விழும் பக்கம். கறுப்பும் கரும்பச்சையும் கலந்த ஆயில் பெயிண்ட்டைப் புள்ளியாக வைத்து, தின்னரில் நனைத்த தூரிகையால் நீர் ஓடும் திசையில் மட்டும் கீழே இழுங்கள். குறுக்கே ஒரு கோடு விழுந்தாலும் கண் உடனே பிடித்துவிடும். சுவர் சேரும் மூலையில் ஒரு சிறு பெரணிச் செடி வைக்கலாம். ஒன்றே போதும்.

ஆயில் பெயிண்ட்டோ எனாமல் வாஷோ பயன்படுத்தும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அவசியம். பெயிண்ட் படாத உள்பக்கத்தில் தின்னர் தேங்கினால், இழுத்துப் பிடித்து ஒட்டிய இடங்களில் பிளாஸ்டிக் விரிசல் விடும். விரிசல் பெயிண்ட் அடித்த மறுநாள் தெரிந்தால் காரணம் இதுதான்.

அறிகுறி: கூரை நன்றாக இருக்கிறது, ஆனால் வீடு இந்த ஊர் வீடாக இல்லை

ஐரோப்பியக் கிட்டில் பனி சரிந்து விழாமல் தடுக்கும் கம்பி வேலி கூரையில் இருக்கும். சிலர் அதையும் பொறுப்பாக ஒட்டிவிடுகிறார்கள்! புகைபோக்கியோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். துளையைத் தாள் துண்டால் அடைத்து, அதன்மேல் வேறு நிற ஓடுகளை வரைந்தால் ஒட்டுப்போட்ட இடமாகவே தெரியும், புட்டி வேலை மிச்சம்.

அப்புறம் சேர்க்க வேண்டியவை. முகட்டை ஒட்டி உயர்ந்து நிற்கும் குட்டிக் கூரை, அதன் பக்கத்தில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறப்பு. நீளமான வீடானால் நடுவே வானம் பார்த்த முற்றத்துக்கான சதுர ஓட்டை. முன்பக்கம் அஞ்சடியை மூடும் மேல்மாடி. 1822 நகரத் திட்டத்தில் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் வகுத்த மூடிய நடைபாதை என்பதால் முகப்புச் சுவரும் கூரையும் அந்த நடைபாதைக்கு மேல்வரை வர வேண்டும். பின்பக்கச் சமையற்கட்டுக்கு நெளிவுத் தகரம் வைத்தாலும் பொருந்தும். குட்டிக் கூரையின் கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்ட வேண்டாம், ஆவி படிந்து வெள்ளையாகும். வெள்ளைப் பசை போதும்.

அறிகுறி: உள்ளே விளக்கு போட்டால் கூரையே ஒளிர்கிறது

வெளிர் நிறப் பிளாஸ்டிக் வெளிச்சத்தை விடும். உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பு தடுக்கும், வெள்ளை அறைக்குள் வெளிச்சத்தைத் திருப்பும். அலுமினியத் தாள் ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எல்.இ.டி. கம்பிகளின் ஒட்டுவாய் அதில் பட்டால் ஷார்ட் ஆகும், டேப் சுற்றுங்கள். சுவர் மேல்விளிம்பில் கசியும் வெளிச்சத்துக்கு, கூரையின் உள்பக்கம் சுவரை ஒட்டி 2 மி.மீ. உயரத்தில் ஒரு பட்டை ஒட்டினால் போதும். அந்தப் பட்டையே கூரையை இடம் பிடித்து நிறுத்தும். அதனால் கூரையைச் சுவரோடு ஒட்டவே வேண்டாம், எல்.இ.டி. அணைந்துபோனால் கழற்றி மாற்றலாம். கழற்றும்போது மெல்லிதாகச் சீவிய இறவாரத்தைப் பிடிக்காமல், முகட்டைப் பிடித்துத் தூக்குங்கள்.